நாலாவது கேள்விக்கு நானே எழுதிய பதில்கள்

போன மாதம் நான் வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். அங்கே சுவரில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்களாம். வருகிறவர்கள் அதைப் போனில் பிடித்தால் கேள்விகள் வருமாம், அவர்களே பதில் தட்டி அனுப்பிவிடுவார்களாம்.

"இனிமே அந்த நாலாவது கேள்விய நாம வாயால கேக்கவே வேணாம் அத்தை. நீங்க எப்படித்தான் இருவத்தெட்டு வருசமா கேட்டீங்களோ!" என்றாள்.

"ஆமாம்மா, கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் கவலை பிடித்துக்கொண்டது. எனக்குக் கவலைப்படப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஆனால் இதில் காரணம் இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் பதினோரு வருஷம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்காமலே பதில் எழுதினேன். அந்தப் பெண் என்னைப் புகழ்ந்தது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கொஞ்ச நாள் நடவுக்குப் போனேன், பிறகு கல்யாணமாகிப் பாபநாசம் வந்தேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து சைக்கிள் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், கும்பகோணம் ரோட்டில் இருந்த ஒரு பெண் டாக்டரின் கிளினிக்கில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். ஒரு வருஷத்தில் எடை பார்க்க, பிரஷர் பார்க்க, ஸ்கேனுக்கு ஆளைத் தயார் பண்ண எல்லாம் கற்றுக்கொண்டேன். ஞானோபதேச வகுப்பில் ஜெபங்களை எழுதி எழுதி என் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா துடைப்பத்தை வாங்கிக்கொண்டு பேனாவைக் கையில் கொடுத்தார். கேஸ் ஷீட்டு எழுதுகிற வேலை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் வருவார். கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் பொட்டுக்கடலை. ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் வருவதற்குள் நாலு கடலை. எல்லோரையும் 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் பேசுவார். ஆனால் குரலைத் தாழ்த்தத் தெரியாது. கிளினிக் ஒரு பழைய வீடு. டாக்டர் அறைக்கும் வெளியே பெஞ்சுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு, அதுவும் உத்தரம்வரைக்கும் எட்டாது. உள்ளே பேசுவது அத்தனையும் பெஞ்சில் கேட்கும். நான் கெஞ்சிக் கேட்டு ஒரு பழைய நிற்கிற ஃபேனைத் தடுப்போரம் வைக்கச் செய்தேன். அது காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும். அதற்குத்தான் வைத்தது.

கேஸ் ஷீட்டு மஞ்சள் அட்டை. முதல் கேள்வி பெயர், வயது, ஊர். இரண்டாவது கல்யாணமாகி எத்தனை வருஷம். மூன்றாவது மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா. நாலாவது இப்படி அச்சடித்திருக்கும்: 'கணவன் மனைவி உடலுறவு உண்டா? வாரத்துக்கு எத்தனை முறை? வலி, பயம் உண்டா?'

டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "லூர்து, சுத்தி வளைச்சுக் கேக்காத. இந்தப் பக்கம் எல்லாரும் இதை வயக்காட்டுக் கதையா மாத்திருவாங்க. வெதைம்பாங்க, நடவும்பாங்க, தண்ணி பாயலைம்பாங்க. நான் வைத்தியம் பாக்கணுமா, விவசாய ஆபீசர் வேலை பாக்கணுமான்னே தெரியாமப் போயிடும். அட்டையில என்ன போட்டிருக்கோ அதை அப்படியே கேளு."

என்னால் முடியவில்லை.

நான் வளர்ந்த விதம் அப்படி. ஒன்பது வயதில், கோயிலில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்குகிற புதுநன்மைக்கு முன்னால், முதல் பாவசங்கீர்த்தனம்; செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. கட்டளைகளை வரிசையாகப் படித்து, எதெதை மீறினேன், எத்தனை தடவை என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்று உபதேசியார் பழக்கியிருந்தார். நான் பயந்தவள், ஒன்றையும் விடவில்லை. "மோக பாவம் மூணு தடவ செஞ்சேன் சாமி" என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். "எப்படிம்மா செஞ்ச?" என்றார். "தெரியல சாமி. லிஸ்ட்டுல இருந்துச்சு" என்றேன். வெளியே வந்து அம்மாவிடம் மோக பாவம் என்றால் என்னவென்று கேட்டேன். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. ஆகவே அது அடிவாங்குகிற விஷயம் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் புரிதல் போகவில்லை.

கேஸ் ஷீட்டு எழுதிய முதல் நாள், ஒரு பெண்ணிடம் "கணவன் மனைவி..." என்று ஆரம்பித்தேன். என் குரல் தடுப்பைத் தாண்டிப் போவது எனக்கே கேட்டது. அந்தப் பக்கம் பெஞ்சில் எங்கள் பங்குக்கோயிலில் பாடுகிற அம்மா உட்கார்ந்திருந்தது. எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, அட்டையில் 'உண்டு. 2. இல்லை' என்று எழுதினேன். அடுத்தவருக்கும் அதையே எழுதினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

ஏன் இரண்டு என்றால், அதற்கும் நான் யோசித்தேன். ஒன்று என்றால் குறைச்சல், டாக்டர் ஏதாவது கேட்பார். மூன்று என்றால் அந்தப் பெண்ணைப் பற்றித் தப்பாக நினைப்பார். இரண்டு மரியாதையான எண்ணிக்கை. கார்த்திகையில் அவள் வீட்டுக்காரர் மாலை போட்டிருந்தால் சுழியம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் எல்லோருக்கும் ஒன்று. பொய்தான் எழுதுகிறோம், அதையாவது ஒழுக்கமாக எழுதுவோம் என்று எனக்கு எண்ணம்.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. அப்போதுதான் ஜெசிந்தா வந்தாள்.

ஜெசிந்தாவுக்கு ஊர் பூதலூர்ப் பக்கம். சின்ன வயதில் அப்பா இறந்துபோனதால் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் வளர்ந்தவள். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. புருஷன் அருள்ராஜ். கதிர் அறுக்கிற மெஷின், டிராக்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். அதற்கு முன்னால் சாமியாராகப் போக வேண்டும் என்று மூன்று வருஷம் குருமடத்தில் படித்தவர், அப்பா தவறியதும் குடும்பத்தைப் பார்க்கத் திரும்பி வந்துவிட்டார். கூடவே அவர் அம்மா சூசையம்மா. கையில் ஜெபமாலை, கக்கத்தில் குடை. பெஞ்சில் இந்தம்மா உட்கார்ந்தால் மூன்று பேர் உட்கார இடமிருக்காது.

ஜெசிந்தாவின் அட்டையிலும் நான் வழக்கம்போல எழுதினேன். உண்டு. 2. இல்லை.

அந்த அட்டையை நம்பி டாக்டரம்மா வைத்தியம் ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஸ்கேன். உள்ளே சோதிக்கப் போனபோது ஜெசிந்தா அழுதுவிட்டாள். "கூச்சப்படுற பொண்ணு டாக்டர்" என்று நானே சமாதானம் சொன்னேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேனோடு விட்டுவிட்டார்கள்.

அருள்ராஜுக்கு விந்துப் பரிசோதனை எழுதினார்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து விளக்குவது என் வேலை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இதுல எடுத்து லேப்ல குடுத்துருங்க" என்றேன். அவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு "சரிங்கக்கா" என்றார். லேப்காரர் அரை மணியில் வந்து டப்பாவை என் மேசையில் வைத்தார். "யக்கா, சிறுநீரைப் புடிச்சுக் குடுத்திருக்காரு. நீ என்ன சொல்லி அனுப்பின?" என்றார். மறுபடி ஒரு டப்பா கொடுத்து, இந்தத் தடவை லேப்காரரையே விளக்கச் சொன்னேன். அருள்ராஜ் ஒரு மணிநேரம் கழித்து வெறும் டப்பாவோடு வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம நன்மை வாங்கணுங்கக்கா. இதப் பண்ணிட்டு எப்படிப் போயி வாங்குறது?" என்றார். முகமெல்லாம் வேர்வை. எனக்கு அது முழுக்கப் புரிந்தது. புரிந்தும் அட்டையில் 'பிறகு' என்று எழுதிவைத்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சூசையம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெஞ்சில் எல்லோருக்கும் கேட்கும்படியே சொல்லும்: "ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் பூதலூர்ல கொண்டுபோயி அவ ஆத்தாக்கிட்டயே விட்டுருவேன். வச்சுக்கிட்டு என்ன பண்றது?" ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரிப்பாள்.

டாக்டரம்மா கடைசியாகத் தஞ்சாவூரில் லேப்ராஸ்கோப்பி செய்துபார்க்க நாள் குறித்தார். மயக்கம் கொடுத்து, வயிற்றில் சின்னதாக ஓட்டை போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது. அதற்குச் சீட்டு எழுதி வாங்க வந்த அன்றைக்கு ஜெசிந்தா என் மேசை ஓரம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, இந்த ஆபரேசன் பண்ணிட்டா புள்ள தானா வந்துருமா?"

"தானான்னா? நீங்க ரெண்டு பேரும் இருக்கணும்ல."

"இருக்கோமேக்கா. ராத்திரி மூணு பேரும் முட்டிபோட்டு ஜெபமாலை சொல்லுவோம். பிரார்த்தனை முடியவே மணி பத்தாயிரும். அப்புறம் அவங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துருவாங்க, நான் இந்தப் பக்கம்."

என் கை அப்படியே நின்றது. அவள் அட்டையைப் பார்த்தேன். என் மணிமணியான கையெழுத்தில் 2.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "சைக்கிள் டியூப்பு கணக்கா ஏன் இப்படி எளைச்சுப் போற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆபரேஷனில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அதைவிடப் பயந்தேன். நாலாம் நாள் மத்தியானம், காலை நோயாளிகள் எல்லாம் போன பிறகு, டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன்.

"டாக்டர், ஜெசிந்தாவுக்கு ஆபரேசன் வேணாம்."

"நீ எப்ப டாக்டரான?"

"அந்த அட்டையில நாலாவது பதில் நான் எழுதுனதுங்க."

"நீதான எழுதணும்?"

"கேக்காம எழுதுனதுங்க."

கடலை மெல்லுவது நின்றது. "அந்தப் பொண்ணுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

டாக்டரம்மா எழுந்து பீரோவைத் திறந்து கைக்கு வந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினார். 2, 2, 2, 2. மார்ச் மாத அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தார். 1, 1, 1.

"இதான் விசயமா! இந்த ஊரே மார்ச் மாசமானா பாதியாக் கொறைச்சுக்குதேன்னு நானும் பாத்திருக்கேன். அறுவடை முடிஞ்ச அசதின்னு நெனைச்சேன். தவக்காலமா?"

"ஆமாங்க டாக்டர்."

ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "மெகருன்னிசாவுக்குமா?"

"அது... அவசரத்துல யோசிக்கலைங்க."

சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கடலை புரையேறிவிட்டது. நான் அழுதுகொண்டே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரிப்பு இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு மயக்கம் குடுத்து வயித்துல ஓட்டை போட இருந்தேன், லூர்து."

நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் கேட்டிருக்கலாம். உன் ரெண்டைப் பாத்துட்டு, அப்பாடா, கேக்க வேணாம்னு விட்டுட்டேன். நான் மெடிக்கல் காலேஜ் லீவுல வீட்டுக்குப் போனாக்கூட அந்த மூணு நாள் கொல்லைப்பக்கம் தனித் தட்டோட உக்கார வெச்ச வீடு எங்க வீடு. உடம்பைப் பத்தி எல்லாம் படிச்சுட்டுப் போயி, தீட்டுன்னு ஓரமா உக்காந்திருப்பேன். உங்க கோயில்ல ஒரு மாதிரின்னா எங்க வீட்ல இன்னொரு மாதிரி. சரி, எந்திரி. என்னைக் கேளு."

"என்னங்க டாக்டர்?"

"நாலாவது கேள்வி. நான்தான் பேசண்ட். கேளு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "கண்ணைத் திற. மறுபடி" என்றார். கண்ணைத் திறந்து, அட்டையில் இருந்தது இருந்தபடி கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் டெல்லியில வேலை பாக்குறாரு. வாரத்துக்கு எங்க, வருசத்துக்கு ரெண்டு. எழுதிக்க" என்றார். "பாத்தியா, வானம் இடிஞ்சு விழுந்துச்சா?"

அன்றைக்கு மாலை வரைக்கும் என்னைப் பத்துப் பன்னிரண்டு தடவை கேட்கவைத்தார். மறுநாளிலிருந்து, சிகிச்சையில் இருந்த எல்லோரிடமும் புதிதாகக் கேட்டேன். கேட்ட பிறகுதான் ஊர் நிலவரம் தெரிந்தது. ஒரு தம்பதியில் அவருக்கு வியாழனும் சனியும் விரதம். அந்தம்மாவுக்குத் திங்கள், செவ்வாய், வெள்ளி. நடுவில் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். மீதி இருந்த புதன்கிழமை அவருக்கு இரவு டூட்டி, ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிற நாள். இரண்டு பேரும் நாலு வருஷமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நாத்தனாரை முதல்ல நிறுத்துங்க" என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

ஜெசிந்தாவை டாக்டரம்மா போன் போட்டு வரவழைத்தார். ஃபேனைப் போட்டுவிட்டு அவளை உள்ளே உட்காரவைத்து, நான்தான் கேட்டேன். அட்டையில் இருந்தபடி.

ஜெசிந்தா முந்தானையைச் சுருட்டி விரித்தாள். பிறகு சொன்னாள். "கல்யாணமான புதுசுல ரெண்டு நாளு... என்னால முடியலக்கா. ஒடம்பு கட்டையாட்டம் இறுகிப்போச்சு. வலி தாங்காம அழுதுட்டேன். அவங்க எந்திரிச்சு உக்காந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டு, மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாங்க. அதுக்கப்புறம் தொட்டதே இல்ல."

"அப்பலேருந்து இப்ப வரைக்குமா?"

"அவங்க ரொம்ப நல்லவங்கக்கா" என்றாள். என்னமோ நான் அவர்மேல் புகார் சொன்னதுபோல.

விடுதியில் இருட்டில் பாவாடையைக் கட்டிக்கொண்டே குளிக்க வேண்டுமாம். தூங்கும்போது இரண்டு கையும் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டுமாம். சரிபார்க்க ஒருவர் டார்ச்சோடு வருவாராம். "இப்பவும் கைய உள்ள வச்சா எனக்குத் தூக்கம் வராதுக்கா" என்றாள்.

நான் எழுதியிருந்த 'இல்லை' என்ற வார்த்தை அட்டையில் இன்னும் இருந்தது. அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அதனால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்குக் கல்யாணமான அன்னிக்கு ரூமுக்குள்ள பெரிய மாதா படம் மாட்டியிருந்துச்சு. மாதா பாக்குறாங்களேன்னு எனக்கு ஒரே பயம். எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லவும் வெக்கம். ஸ்டூலைப் போட்டு ஏறி படத்தைச் செவுத்துப் பக்கமாத் திருப்பிவச்சேன். காலையில திருப்பி வைக்க மறந்துட்டேன். எங்க மாமியா காப்பியோட வந்து பாத்துட்டு, 'இதென்னடி, மாதா கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கிறாங்க'ன்னாங்க. எட்டு நாளு நான் அவங்க மொகத்தையே பாக்கல."

ஜெசிந்தா சிரித்தாள். அந்தக் கிளினிக்கில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்தபடியே அழவும் செய்தாள். "மாதா கோவிச்சுக்கிட்டாங்களாக்கா?"

"கோவிச்சிருந்தா ரெண்டு புள்ளயக் குடுத்திருப்பாங்களா?"

அப்புறம் டாக்டரம்மா உள்ளே வந்து விளக்கினார். கண்ணில் தூசி விழப்போனால் இமை தானாக மூடிக்கொள்கிறது அல்லவா, அதுபோலப் பயத்தில் அந்த இடத்துத் தசை இறுகிக்கொள்கிறது. அது யாருடைய குற்றமும் இல்லை, பழக்கினால் சரியாகும். அருள்ராஜையும் உள்ளே அழைத்தார். அவர் நகத்தில் கிரீஸ் கறை. கையை மடிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"வலிக்க வச்சுட்டேங்க டாக்டர். நம்மள நம்பி வந்த பொண்ண அழ வைக்கிறது பாவந்தானுங்களே?"

"நீங்க ஒரு மெஷின் ஸ்டார்ட் ஆவலன்னா என்ன பண்ணுவீங்க? பூட்டிட்டுப் போயிருவீங்களா?"

அருள்ராஜ் நிமிர்ந்தார். "இல்லீங்க. மொதல்ல டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கான்னு பாக்கணும். அப்புறம் ஃபில்டர..."

"போதும், போதும்" என்று டாக்டரம்மா கையை ஆட்டினார். "என்னையும் வயக்காட்டுல எறக்கிட்டீங்க."

அவர் எழுதிய மருந்துச் சீட்டை என்னால் மறக்க முடியாது. சட்டதிட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள், சட்டமாகச் சொன்னால்தான் செய்வார்கள் என்று சொல்லி, மாத்திரை எழுதுகிற மாதிரியே எழுதினார். 'கை பிடித்து உட்காருதல், 20 நிமிடம், 0-0-1, இரவு உணவுக்குப் பின். இரண்டு வாரம். அதற்கு மேல் எதுவும் கூடாது.' கீழே, 'குழந்தையைப் பற்றிய பேச்சு: நிறுத்தவும்.'

அருள்ராஜ் சீட்டை இரண்டு தடவை படித்தார். "டாக்டர், இருவது நிமிசம்னு போட்ருக்கீங்க. இருவத்தஞ்சு ஆயிட்டா?"

"பக்க விளைவு ஒண்ணும் இல்ல."

"தவக்காலம் வருதுங்களே" என்றாள் ஜெசிந்தா.

"தவக்காலத்துல பிரஷர் மாத்திரையை நிறுத்துவீங்களா?"

"இல்லீங்க."

"இதையும் நிறுத்தக் கூடாது."

அடுத்து சூசையம்மாவை உள்ளே கூப்பிட்டார். ஆபரேஷன் இல்லை, வேறு வைத்தியம், ஒரு வருஷமாவது ஆகும், அதுவரை ஜெசிந்தாவை எங்கேயும் அனுப்பக் கூடாது, ஜெபமாலையை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

"என்ன வைத்தியம் அது, ஜெபத்துக்கெல்லாம் டைம் வச்சுக்கிட்டு?"

"உங்க மருமகளுக்கு மட்டும் இல்லம்மா. உங்க மகனுக்கும் சேத்துதான்."

"எம்மவனுக்கு என்ன கொறச்சல்? குருமடத்துல மூணு வருசம் படிச்ச புள்ள!"

"அதைத்தாம்மா கொஞ்சம் மறக்க வைக்கணும்" என்றார் டாக்டரம்மா. சூசையம்மா குடையைத் தரையில் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனது. ஆனால் அந்த ஈஸ்டருக்கு ஜெசிந்தா பூதலூர் போகவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இரண்டு பேரும் வந்தார்கள். சீட்டில் ஒவ்வொரு வரியாகக் கூடியது. ஒரு தடவை அருள்ராஜ் குற்றவாளி மாதிரி நின்று, "டாக்டர், நேத்து நாப்பது நிமிசம் ஆயிருச்சு" என்றார். "பேசிக்கிட்டே இருந்துட்டோம், கடிகாரத்த பாக்கல." டாக்டரம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இந்த ஒரு தடவை பரவால்ல" என்றார். அவர்கள் போன பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

எல்லாம் நேராகப் போகவில்லை. மூன்றாவது மாதம் ஜெசிந்தாவுக்கு மறுபடி உடம்பு இறுகிக்கொண்டது. இனி ஆகாதுக்கா என்று என்னிடம் அழுதாள். எனக்கும் ஆகாது என்றுதான் தோன்றியது, நான் அப்படித்தான் நினைப்பேன். டாக்டரம்மா பதறவே இல்லை. முந்தின வரிக்குப் போங்கள், அங்கேயே பத்து நாள் இருங்கள் என்றார். ஜெசிந்தாவே கேட்டுக்கொண்டதால், அவள் நிறுத்து என்றால் நிறுத்துவது என்ற ஒப்பந்தத்தோடு, அவளைச் சோதித்துப் பார்த்தார். பாதியில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள். இரண்டு தடவையும் டாக்டரம்மா உடனே கையை எடுத்துவிட்டுக் கடலை சாப்பிடப் போனார். மூன்றாவது தடவை ஜெசிந்தா, "போதும் டாக்டர், கடலை தீந்துரும். பாருங்க" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு இரண்டு மாதம் அவர்கள் வரவில்லை. வீட்டில் சண்டையோ, பூதலூருக்கே அனுப்பிவிட்டார்களோ என்று நான் தினமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். ஜெசிந்தா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். சூசையம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தது. எனக்குப் புரிந்துவிட்டது, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று. மனசுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன, டெஸ்ட் பாக்கலாமா?" என்றார் டாக்டரம்மா.

ஜெசிந்தா புருஷனைப் பார்த்தாள். அருள்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரையைப் பார்க்காமல் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தே பேசினார்.

"அதுக்கு வரலீங்க டாக்டர். புள்ள இப்பக்கி வேணாம்னு இருக்கோம். ஒரு வருசம் போவட்டும். அதுக்கு என்ன பண்ணணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

டாக்டரம்மா கடலை டப்பாவை மூடினார். "புள்ள வேணும்னுதான இவ்வளவு நாளா இங்க நடந்தீங்க?"

"ஆமாங்க. ஆனா எங்களுக்கு இப்பத்தானங்க கல்யாணம் ஆயிருக்கு" என்றார் அருள்ராஜ். ஜெசிந்தா மேசைக்கு அடியில் அவர் கையைக் கிள்ளினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் அட்டையில் எதையும் எழுத முடியாமல் வெளியே வந்துவிட்டேன். வந்தால், அங்கே சூசையம்மா. ஃபேன் அன்றைக்குப் பார்த்து ஓடவில்லை, கரண்ட் இல்லை. தடுப்புக்கு மேலாக அத்தனையும் பெஞ்சுக்குக் கேட்டிருக்கிறது. அந்தம்மா ஜெபமாலையைப் பைக்குள் வைத்து, சுருக்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. சமாளிக்க ஏதாவது சொல்லலாம் என்று நாலைந்து பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒன்றையும் சொல்லவில்லை.

"ஏம்மா லூர்து" என்றது சூசையம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க வூடு ஒத்தை ரூமு வூடு. நான் நடுவூட்டுலதான் படுக்குறேன். ஒரு இருமல் இருமுனாக்கூட உள்ள கேக்கும்."

"ஆமாங்கம்மா."

"குடவாசல்ல எந்தங்கச்சி இருக்கா. ரொம்ப நாளா கூப்டுக்கிட்டே இருக்கா. ஒரு வருசம் அங்க போயி இருந்துட்டு வரேன்." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தது. "குடவாசலுக்கு இங்கேருந்து நேர் பஸ்ஸு உண்டா?"

கும்பகோணம் போய் மாற வேண்டும் என்று சொன்னேன். சனிக்கிழமை, அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.